நெல்லுக்குப் பாடிய பெட்டி

நட்ட மறுநாளிலிருந்து அறுத்த நாள் வரை நூற்றுப் பன்னிரண்டு நாள். அத்தனை நாளும் காலை எட்டரை மணிக்குப் பாட்டுப் பெட்டிகளை இயக்கியதும், பன்னிரண்டரை மணிக்கு நிறுத்தியதும் சுடர்விழிதான். வேறு யாரும் அந்தப் பெட்டிகளைத் தொட்டதில்லை. தொட்டால் கையில் சேறு படும்.

பூதலூரிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது நெல் நாத ஆராய்ச்சி நிலையம். உயர்ந்த இசையைக் கேட்கும் நெல் உயர்ந்து விளையும், மலினமான இசையைக் கேட்கும் நெல் பதராகப் போகும் என்று நிரூபிப்பது அதன் நோக்கம். சுடர்விழி வேலைக்கு வந்தபோது ஆராய்ச்சி இனிமேல்தான் தொடங்க வேண்டியிருந்தது. முடிவு ஏற்கெனவே அச்சாகி, முன்னறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

சுடர்விழி தாவரவியல் பட்டதாரி. நேர்முகத் தேர்வுக்குப் போனபோது வேரைப் பற்றியோ இலையைப் பற்றியோ அவளிடம் யாரும் கேட்கவில்லை. எதிரே இயக்குநர் பஞ்சநதமும், நிலையத்தின் ரசனைக் குழுத் தலைவர் தியாகேசனும் உட்கார்ந்திருந்தார்கள். தியாகேசன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உனக்கு என்ன பாட்டும்மா பிடிக்கும்?"

விடை அவளுக்குத் தெரியும். அன்று காலை ஜாபிர் ஓட்டும் மினி பஸ்ஸில் வந்தபோதுகூட ஐந்து பாட்டுக் கேட்டிருந்தாள். ஐந்திலும் உடுக்கையும் கிளாரினெட்டும் ஒன்றையொன்று துரத்தின. கடைசிப் பாட்டு முடியவில்லை என்பதற்காக ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்திருந்தாள். ஆனால் புது ஆட்களுக்கு முன்னால் அவளுக்கு வாய் திறக்காது. மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தியாகேசன் நாற்காலியில் சாய்ந்தார்.

"பாத்தீங்களா டைரக்டர்! மௌனம். சுருதி சேக்கறதுக்கு முன்னாடி இருக்குமே, அந்த மௌனம். இந்தப் பொண்ணு எங்கேயோ இருக்கா."

"நானும் அதைத்தான் நெனச்சேன்" என்றார் பஞ்சநதம்.

வேலை கிடைத்தது. தற்காலிக வயல் உதவியாளர். அறிக்கை நல்லபடியாக வந்தால் நிரந்தர ஆணை தரப்படும். அவளுடைய அம்மா மலர்க்கொடி நாற்பது வருஷம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். இப்போது குனிந்தால் முழங்கால் நிமிர விடுவதில்லை. அந்த ஆணை வந்தால் அவள் குனிய வேண்டியதில்லை. சுடர்விழிக்கு அந்த வேலையில் இருந்த ஒரே கணக்கு அதுதான்.

சேர்ந்த முதல் திங்கட்கிழமை அழைப்பொலித் தணிக்கை நடந்தது. பணியாளர்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகத் தங்கள் செல்பேசியை ஒலிக்கவிட வேண்டும். தியாகேசன் கண்ணை மூடிக் கேட்டுத் தரம் சொல்வார். சுடர்விழியின் செல்பேசியில் ஒலி கெட்டுப்போயிருந்தது. அதிர மட்டும் செய்தது. முதல் தரம். காவலாளி நல்லக்கண்ணுவின் செல்பேசியிலிருந்து ஒரு குத்துப்பாட்டு வந்து முன்னறைக் கண்ணாடிச் சட்டத்தை ஆட்டியது. மூன்றாம் தரம்.

முதல் தரத்தாருக்குப் பீங்கான் கோப்பையில் டீ. இரண்டாம் தரத்தாருக்கு எவர்சில்வர் டம்ளரில். மூன்றாம் தரத்தாருக்குக் காகிதக் கப்பில், கட்டடத்துக்கு வெளியே. இந்த ஏற்பாட்டுக்கும் இந்த நாட்டில் ஏற்கெனவே இருந்த எந்த ஏற்பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று சுற்றறிக்கையிலேயே போட்டிருந்தார்கள்.

நல்லக்கண்ணு பயந்து செல்பேசியை ஊமையாக்கி வைத்தார். அந்த வாரம் அவர் மகளுக்குப் பிரசவ வலி கண்டது. வீட்டிலிருந்து பதினேழு முறை அழைத்தார்கள். பேரன் பிறந்து, குளிப்பாட்டி, தூங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ரசனைக் குழு அடுத்த கூட்டத்தில் அவருடைய கட்டுப்பாட்டைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. டீ காகிதக் கப்பில்தான் தொடர்ந்தது.

"என்ன பாப்பா செய்றது" என்றார் நல்லக்கண்ணு. "பாட்டு வச்சிருந்தா தரம் போவுது. வைக்கலன்னா பேரன் போறான்."

ஆராய்ச்சிக்கு உயர்ந்த இசை தியாகேசன் வீட்டிலேயே இருந்தது. மலினமான இசைக்குத்தான் மாதிரி வேண்டியிருந்தது. அதற்காகக் குழு ஒருநாள் சாலைக்கு வந்து ஜாபிரின் மினி பஸ்ஸை மறித்தது.

ஜாபிர் கூத்தாநல்லூர்க்காரர். குவைத்தில் எட்டு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி, பூதலூரில் பெண் கட்டியவர். பாலைவனத்தில் பாட்டுத்தான் துணை என்பார். காதல் தோல்வி, கும்மி, நாகூர் பாட்டு, அம்மன் பாட்டு, குத்து, இரட்டைக் குரல் சோகம் எல்லாம் அவருடைய ஒரே மெமரி கார்டில் அடுத்தடுத்து வரும். எது எதற்குப் பின்னால் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் ருசி.

தியாகேசன் பஸ்ஸில் ஏறி, "இந்தக் கார்டைப் பறிமுதல் செய்யறோம்" என்றார்.

"தாராளமா செய்ங்க சார்" என்றார் ஜாபிர். "மொதல்ல மூணு பேருக்கும் டிக்கெட் எடுங்க. பஸ்ல ஏறிட்டீங்கள்ல?"

பின்சீட்டில் காளியம்மாள் இருந்தாள். நாலு ஊர் தள்ளிக் களை எடுக்கப் போகிறவள்.

"அய்யா, அந்தப் பாட்டு முடியட்டும். அப்பறமா புடுங்கிக்கிட்டுப் போங்க."

"அம்மா, இது எவ்வளவு மட்டமான பாட்டுன்னு உனக்குத் தெரியுமா?"

"மட்டமா? எனக்கு வரி மொத்தமும் தெரியும். சொல்லட்டுமா?"

பஸ்ஸே சிரித்தது. முன்சீட்டில் இருந்த சுடர்விழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாளே ஜாபிர் வேறொரு கார்டில் அதே பாட்டுகளை ஏற்றிக்கொண்டார்.

பறித்த கார்டின் மலினத்தை உறுதி செய்யக் குழு கதவை மூடிக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்து கேட்டது. வெளியே நின்ற சுடர்விழிக்குத் தரையில் கால் தட்டும் சத்தம் கேட்டது. நடுநடுவே தியாகேசனின் குரலும் கேட்டது. "அந்த மூணாவது பாட்டை இன்னொரு தரம் போடுங்க. மலினம் இன்னும் சரியா பிடிபடலை."

நான்காம் நாள் கார்டில் சிவப்பு மையில் 'ம' என்று எழுதி அவள் கையில் கொடுத்தார்கள். இன்னொரு கார்டில் பச்சை மையில் 'உ' என்று எழுதியிருந்தது. வயல் ஒரு கிலோமீட்டர் உள்ளே இருந்தது. இரண்டு பெட்டிகளின் சாவிகளும் அவளிடமே இருந்தன.

மூன்று வயல்கள். வாய்க்காலின் தலைமடையில் இருந்தது உயர் இசை வயல். வண்டல் மண், தண்ணீர் முதலில் அங்கேதான் பாயும். நடுவயலுக்கு இசை கிடையாது. கடைமடையில், கோடையில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் களர் மண்ணில் மலின இசை வயல். உயர் இசை வயலுக்கு யூரியா இரண்டு பங்கு என்று உத்தரவு வந்தது.

சுடர்விழி இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் இயக்குநரின் அறைக்குப் போனாள்.

"சார், மூணு வயலுக்கும் ஒரே மண்ணு, ஒரே தண்ணி, ஒரே உரம் இருக்கணுங்க. இல்லன்னா எதனால வெளஞ்சதுன்னு தெரியாது."

"எதனால வெளஞ்சதுன்னு நமக்கு முன்னாடியே தெரியுமேம்மா."

"அதில்லைங்க சார்..."

"நல்ல சங்கீதத்தைக் களர்ல உக்கார வைக்க முடியுமா? மரியாதைன்னு ஒண்ணு இருக்கு. நீ மௌனமா இருக்கறதுனாலதான் உன்னை எடுத்தோம். ஞாபகம் வச்சுக்க."

அவள் ஞாபகம் வைத்துக்கொண்டாள். திரும்பி நடந்தாள். காது வரைக்கும் சுட்டது.

நடவு முடிந்த மறுநாள் காலை எட்டரை மணிக்கு இரண்டு பெட்டிகளிலும் கார்டைச் செருகினாள். தலைமடையில் மோட்டார் கொட்டகை இருந்தது. பயிரின் தூர் எண்ணுவதும் உயரம் அளப்பதும் போக மீதி நேரம் அவள் அங்கேதான் உட்கார வேண்டும். கடைமடைப் பெட்டியின் சத்தம் அங்கே எட்டாது. அந்தப் பக்கம் கொக்குகள்தான் இருக்கும்.

இரண்டாம் வாரம் களை எடுக்கப் பெண்கள் வந்தார்கள். தலைமடை வயலில் இறங்கப் போட்டி நடந்தது. காளியம்மாள் மூன்று நாள் வேலையை ஒன்றரை நாளில் முடித்துவிட்டு, "இன்னொரு தரம் எடுத்துக் குடுக்கட்டுமா தாயி? அங்கங்க ரெண்டு கோரை தெரியிது" என்று வரப்பிலேயே நின்றாள். கடைமடைக்கு இறங்க ஆள் கிடைக்கவில்லை. கூலியைக் கூட்டிக் கொடுத்தும் பாதியில் தலைவலிக்கிறது என்று ஏறிவிட்டார்கள். நல்லக்கண்ணு வாசலை விட்டுவிட்டுத் தினமும் காலையில் மோட்டார் கொட்டகைக்கு வந்து காகிதக் கப்பில் டீயோடு உட்கார ஆரம்பித்தார்.

செய்தி இயக்குநருக்குப் போயிற்று. அவர் கண் கலங்கினார்.

"பாமர ஜனம்கூட நல்ல சங்கீதத்தைத் தேடிப் போறாங்க. மட்டமானது அவங்களுக்கே தலைவலிக்குது. எழுதிக்கம்மா, எழுதிக்க."

அவள் எழுதிக்கொண்டாள்.

குழு வயலுக்கே வரவில்லை என்று சொல்லக் கூடாது. நான்கு முறை வந்தது. புறப்படும் முன்பே ஆள் அனுப்பிப் பெட்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து, வரப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார்கள். பெட்டி பாடினால் அவர்கள் பேசுவது கேட்காதே. உயர்ந்த இசையின் பெருமையை ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவார்கள். பிறகு அவள் மறுபடி இயக்குவாள்.

கதிர் வரும் சமயத்தில் தலைமடை வயலில் புகையான் பூச்சி விழுந்தது. இரட்டிப்பு யூரியா போட்ட பயிரைப் பூச்சிக்குப் பிடிக்கும். பட்டப்படிப்பின் இரண்டாம் வருஷப் பாடம். வட்டவட்டமாகப் பயிர் தீய்ந்தது. சுடர்விழி ஓடிப்போய்ச் சொன்னாள். குழு அவசரமாகக் கூடியது. மருந்து தெளிப்பதா என்ற பேச்சே எழவில்லை. காலை ராகமா, மாலை ராகமா, குரலா, குழலா என்று மூன்று நாள் விவாதித்தார்கள். இரண்டாம் நாள் யாரோ வெளிநடப்புச் செய்தார்கள். சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள்.

அதற்குள் அவளும் நல்லக்கண்ணுவும் மடையை வெட்டித் தண்ணீரை வடித்து, பயிரை எட்டடிக்கு ஒரு பட்டமாக, நடுவே இடைவெளி விட்டு விலக்கிக் காற்றும் வெயிலும் தூரில் படும்படி செய்துவிட்டார்கள். புகையான் அடங்கிவிட்டது. குழுவின் தீர்மானம் அதற்கடுத்த நாள் வந்தது: மாலை ராகம், குழலில். பூச்சி அடங்கியதற்குக் காரணம் அந்தத் தீர்மானம் என்று அறிக்கையில் ஏறியது.

பூச்சி வந்ததற்கும் ஒரு காரணம் வேண்டுமே. ஏழு நாற்பதுக்குச் சாலையில் போகும் ஜாபிரின் பஸ். பஸ்ஸிலிருந்து தெறிக்கும் பாட்டுத்தான் பயிரின் எதிர்ப்பு சக்தியைக் குலைத்தது என்று கண்டுபிடித்தார்கள். மருந்தும் கண்டுபிடித்தார்கள்: இசைத் தூய்மை மண்டலம். நிலையத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குப் பஸ், டீக்கடை, காதுகுத்து, கோயில் திருவிழா, சாவு எதிலும் குழு ஒப்புக்கொண்ட பாட்டைத் தவிர வேறு ஒலிக்கக் கூடாது. அறுவடைக் கணக்கோடு இதற்கான ஆணையின் வரைவு மாவட்ட அதிகாரியிடம் போகும். வயல் விழா மேடையிலேயே அவர் கையெழுத்துப் போடுவார்.

மறுநாள் பஸ்ஸில் எல்லோரும் இதையேதான் பேசினார்கள்.

"சாவுக்குமா?" என்றாள் காளியம்மாள். "நான் செத்தா எனக்குப் புடிச்ச பாட்டப் போட்டுத் தூக்குங்கடான்னு மவன்கிட்ட சொல்லி வச்சிருக்கனே. அதுக்கு இவனுங்ககிட்ட சீட்டு வாங்கணுமா?"

"செத்தப்பறம் நீ கேக்கவா போற?" என்றார் ஒருவர்.

"நீங்க கேப்பீங்கள்ல. கேளுங்க." பிறகு குரல் இறங்கியது. "நாலரைக்கு எந்திரிக்கிறன். சோறாக்கி, மாட்டக் கட்டி, இங்க வந்து ஏறுறன். இந்தப் பஸ்ஸுல இருவது நிமிசம் பாட்டுக் கேக்கறன் பாரு, அது மட்டுந்தான் எனக்குன்னு இருக்கறது. மிச்ச நேரமெல்லாம் யாருக்கோ."

ஜாபிர் கண்ணாடியில் சுடர்விழியைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீ அங்கதான வேல பாக்குற. நெசமாவே நெல்லுக்குப் பாட்டுக் கேக்குமா?"

அவள் கையிலிருந்த டிக்கெட்டை மடித்து மடித்துச் சிறிதாக்கினாள்.

"இல்ல, கேக்கும்னா சொல்லு. நான் நெல்லுக்கும் டிக்கெட் போட்டுடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜாபிர் மட்டும் சிரிக்கவில்லை. வண்டியின் சத்தத்தைக் கூட்டினார். அன்று அவள் தன் நிறுத்தத்தில் இறங்கவில்லை. பாட்டு முடியும்வரை போய்விட்டுத் திரும்பி நடந்தாள்.

அறுத்துத் தூற்றி எடை போட்டார்கள். தலைமடை வயல், ஏக்கருக்கு நாற்பத்தொரு மூட்டை. கடைமடை, பதினாறு. இசையே இல்லாத நடுவயல் முப்பத்து மூன்று. அந்த முப்பத்து மூன்றைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

விழா அன்று காலை மலர்க்கொடி மகளுக்குத் தலை பின்னிவிட்டாள்.

"அவங்க என்ன சொன்னாலும் சரிங்கன்னு சொல்லிட்டு ஆர்டர வாங்கிட்டு வா. உனக்குத்தான் வாயே கெடையாதே. அது இன்னிக்கி நல்லதாப் போச்சி."

பந்தலில் அதிகாரி நடுவில் உட்கார்ந்தார். முன்வரிசையில் முதல் தரத்தார். பின்னால், கயிறு கட்டிய இடத்துக்கு அப்பால் ஊர் ஜனம். ஜாபிர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்திருந்தார். காளியம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

பஞ்சநதம் மூட்டைக் கணக்கை வாசித்தார். "மனிதர்கள் பொய் சொல்லலாம். நெல் பொய் சொல்லாது" என்று முடித்தார். கைதட்டல்.

தியாகேசன் எழுந்தார்.

"நான் பாட்டுக்கு எதிரி இல்லை. கேட்பவர்களுக்குத்தான் எதிரி. இவர்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் என்ன ஆகும்? பிடித்ததைச் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் நாங்கள் கேட்பதில்லை. ரசனை என்பது பிடிப்பது அல்ல. பிடிக்க வேண்டியது. என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தெட்டு வருஷமாக நான் வைக்கிற பாட்டுத்தான். என் மனைவி ஒருநாள் வாய் திறந்து வேறு பாட்டுக் கேட்டதில்லை. அடுப்படியில் தனியாக இருக்கும்போது என்னவோ முனகுவாள். நான் உள்ளே போனால் நின்றுவிடும். அதற்குப் பெயர்தான் பயிற்சி. ஒரு வீட்டில் முடிந்தது ஐந்து கிலோமீட்டரில் முடியாதா?"

முன்வரிசை கைதட்டியது. அவர் மனைவியும் அந்த வரிசையில்தான் இருந்தார். கையை மடியில் வைத்திருந்தார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். ஒரு சம்பிரதாயம் மட்டும் பாக்கி இருந்தது. பெட்டிகளைத் தினமும் இயக்கியவர், அட்டவணைப்படிதான் இயக்கினேன் என்று சபையில் வாயால் சொல்ல வேண்டும். பஞ்சநதம் நிரந்தர ஆணை இருந்த உறையை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு சுடர்விழியை மேடைக்கு அழைத்தார்.

அவள் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றாள். மேசையைப் பார்த்தாள். அரை நிமிஷம் போயிற்று.

தியாகேசன் பூரித்துப்போனார். "பாருங்கள், அந்த மௌனத்தை! அன்றைக்கும் இப்படித்தான்..."

"சார்" என்றாள் சுடர்விழி.

ஒலிபெருக்கி கீச்சிட்டது. அவள் குரல் இவ்வளவு பெரிதாக வெளியே வந்து அவளே கேட்டதில்லை.

"தலமட வயலு வண்டல் மண்ணுங்க. யூரியா ரெண்டு பங்கு. கடமட களர். பாட்டே போடாத வயலு முப்பத்து மூணு மூட்ட."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்றார் பஞ்சநதம். உறை கொஞ்சம் கீழே இறங்கியது.

"பெட்டியைப் போட்டியா இல்லையா?" என்றார் தியாகேசன். "அதை மட்டும் சொல்லு."

"போட்டேங்க. ஒருநாள் தவறல."

"அப்பாடா. உக்காரு."

அவள் உட்காரவில்லை. ஒலிவாங்கியின் தண்டைப் பிடித்துக்கொண்டாள். கயிற்றுக்கு அப்பால் காளியம்மாளின் முகம் தெரிந்தது.

"வேலைக்கு வந்த அன்னிக்கி என்ன பாட்டுப் புடிக்கும்னு கேட்டீங்க. பயந்துகிட்டுச் சொல்லாம நின்னுட்டேன். இப்பச் சொல்றேன். மொத நாள்லேருந்து தலமட வயல்ல ஓடினது ஜாபிர் அண்ணன் பஸ்ஸு கார்டுங்க. உங்க கார்டு கடமடையில கொக்குக்கு ஓடுச்சி. நெல்லு எதையும் கேக்கல, அதுக்குக் காது கெடையாது. நான் கேட்டேன். களை எடுக்க வந்தவங்க கேட்டாங்க. எனக்கு அந்தப் பாட்டுத்தாங்க புடிக்கும்."